பாதையை முன்னறிதல் முறையா?

ஊவா மாகாணத்துப் பாதைகளுக்கு நேராகச் செல்லத் தெரியாது. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியும், வெல்லவாயவிலிருந்து எல்ல நோக்கி ஏறும் வழியும், பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கம் செல்லும் வழியும் மலையின் விலாவைப் பற்றிக்கொண்டே வளைந்து வளைந்து செல்கின்றன. ஒருபுறம் செங்குத்தான பாறை; மறுபுறம் தேயிலை போர்த்த பள்ளம்; மாலையானால் இரண்டையும் ஒருங்கே மறைக்கும் மூடுபனி. இத்தகைய பாதையில் அடுத்த வளைவு எத்தகையது என்பதை முன்னரே அறிந்தவன் ஒருவன், அறியாதவன் மற்றொருவன். இருவரையும் ஒரே வழியில் விரைய விட்டு, முந்தியவனே வல்லவன் என்று தீர்ப்பளித்தல் நீதியாகுமா? மோட்டார்ப் பந்தய உலகில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கின் சாரம் இதுவேயாகும். அவ்வழக்கின் வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

ராலி எனப்படும் போட்டி, வட்டமான களத்தில் பலமுறை சுற்றிவரும் பந்தயத்தினின்று வேறுபட்டது. பொதுப்பாதையையோ காட்டுவழியையோ சில மைல் நீளமுள்ள கட்டங்களாக வகுத்து, அக்கட்டங்களிற் பிற போக்குவரத்தை நிறுத்தி, வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளிவிட்டு அனுப்பி, ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடுவர். சாரதியின் அருகே துணைச்சாரதி ஒருவர் அமர்ந்திருப்பார். போட்டிக்கு முன்னர் இருவரும் அவ்வழியே மெதுவாகச் சென்று பார்வையிடுவது முன்னாய்வு. அப்போது ஒவ்வொரு வளைவின் கூர்மையையும், மேட்டையும், பாலத்தையும் குறித்துக்கொள்வது வேகக் குறிப்பு. போட்டியின்போது துணைச்சாரதி அக்குறிப்பை உரக்க வாசிக்க, சாரதி கண்ணாற் காணாத வளைவையும் காதாற் கண்டு வண்டியைச் செலுத்துவார். "நூறு யார், இடம் மூன்று, போகப்போக இறுகும், உள்ளே வாய்க்கால், ஒட்டித் திரும்பாதே, பின் பாலம்" என்றவாறு அது அமையும். நமது தோட்டப்பாதை ஒன்றின் பத்து விநாடிப் பயணத்தை இவ்வொரு வரியில் அடக்கிவிடலாம்.

இம்முன்னாய்வும் குறிப்பும் அனுமதிக்கத்தக்கனவா என்பதே வினா.

வழியை முன்னறிந்து செல்லுதல் ஊவாவுக்குப் புதியதன்று. கோப்பிக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும் இம்மலைகளிலிருந்து விளைபொருளை இறக்கிய மாட்டுக் கரத்தைகளுக்கு வழிகாட்டியது கரத்தைக்காரரின் நினைவேயாகும். எந்த இறக்கத்திற் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவேண்டும், எந்த ஓடை மழைக்குப் பெருகும் என்பன அவர்களுக்கு மனப்பாடம். ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886 இல். புகையிரதம் 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும், 1924 இல் பதுளையையும் எட்டியது. தெமோதரையிலே அத்தடம் தன்னைத்தானே சுற்றிவந்து, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாக நுழைகின்றது. இத்தகைய தடத்தில் அதனைக் கல்லாத சாரதியை யார் அனுப்புவர்? ஒரு தடத்தில் வண்டி செலுத்துமுன் அத்தடத்தை முற்றக் கற்றிருத்தல் வேண்டும் என்பது நாம் பெற்றுக்கொண்ட பிரித்தானியப் புகையிரத மரபின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அங்கே வழியறிவு கடமை. பந்தயத்தில் மட்டும் அது குற்றமாகக் கருதப்பட்டது ஏன்?

இதற்கு விடை காண இத்தாலிக்குச் செல்லவேண்டும். பிரேசியா நகரிற் புறப்பட்டு உரோமாபுரி சென்று மீளும் மில்லே மில்யா என்னும் ஆயிரம் மைல் பந்தயம் பொதுப்பாதையில் நடைபெற்றது. அதில் வென்றோருட் பெரும்பாலோர் இத்தாலியரே. காரணம் வெளிப்படை: அப்பாதை அவர்களுடைய ஊர்ப்பாதை. 1955 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, ஸ்டேர்லிங் மொஸ் என்னும் ஆங்கிலேயச் சாரதியும், டெனிஸ் ஜென்கின்சன் என்னும் பத்திரிகையாளரும் மெர்சிடிஸ் வண்டியொன்றில் அப்பந்தயத்திற் புகுந்தனர். முன்னரே பலமுறை வழியைப் பார்வையிட்டு, அபாயமான இடங்களையெல்லாம் ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள காகிதச் சுருளில் எழுதி, அதனைச் சிறு பெட்டியிலிட்டுச் சுருட்டிச் சுருட்டி வாசிக்குமாறு ஜென்கின்சன் அமைத்திருந்தார். இயந்திரத்தின் இரைச்சலிற் பேச்சுக் கேளாதாகையால் கைச்சைகையாலேயே வளைவுகளை உணர்த்தினார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில், மணிக்கு ஏறத்தாழ 98 மைல் சராசரி வேகத்தில் அவர்கள் வென்றனர்.

நேயர்களே, இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வேகக் குறிப்புக்குப் பெரும்புகழ் தேடித்தந்த அந்தக் காகிதச் சுருள், ஊராரின் நினைவுக்கு எதிராக அந்நியன் தேடிக்கொண்ட ஈடாகும். உள்ளூரான் நெஞ்சில் எழுதி வைத்திருந்ததை வெளியூரான் காகிதத்தில் எழுதிக்கொண்டான், அவ்வளவே.

பிரித்தானியா நேர்மாறான வழியைத் தேர்ந்தது. அந்நாட்டு ரோயல் ஓட்டோமொபைல் கழகத்தின் ராலி 1960 ஆம் ஆண்டில் அரசாங்கக் காடுகளின் மண்வழிகளிற் புகத் தொடங்கியது. அங்கே கட்டங்கள் இரகசியமாக வைக்கப்பட்டன, முன்னாய்வு தடுக்கப்பட்டது. காணாத வழியைக் கண்ட மாத்திரத்தே படித்தறிந்து செலுத்துவதே சாரதியின் மெய்யான திறமை என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கையை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. சுவீடன் நாட்டு எரிக் கார்ல்சன், தமக்கு ஊரல்லாத அக்காடுகளில், சிறிய சாப் வண்டியைக் கொண்டு 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார். அறியாத பாதையைப் படிக்கும் ஆற்றல் என ஒன்று உண்டென்பதற்கு அவரே சான்று. ஆயினும் வண்டிகளின் வேகம் மிக மிக, இரகசியத்தைப் பேணுவது அரிதாயிற்று. ஒருமுறை ஓடிய காட்டுவழி மறுமுறை ஓடியவனுக்குப் பழகிய வழியாகிவிடுமன்றோ? இறுதியில் 1990 ஆம் ஆண்டில் அந்த ராலியும் வரையறையுடன் கூடிய முன்னாய்வுக்கு இடமளித்தது.

மூன்றாவது சான்று கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வருகின்றது. 1953 இல், எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டித் தொடங்கிய சபாரி ராலி, மறிக்கப்படாத பொதுப்பாதைகளிலேயே நீண்ட காலம் நடந்தது. செம்மண் புழுதியும், திடீர் மழையும், குறுக்கே வரும் விலங்குகளும் நிறைந்த அவ்வழியில் 1972 ஆம் ஆண்டு வரை வெளிநாட்டிலிருந்து சென்ற சாரதி எவரும் முதலிடம் பெறவில்லை. கென்யாவில் வாழ்ந்த இந்திய மரபினரான ஜோகிந்தர் சிங், 1965 இல் தம் தம்பி ஜஸ்வந்துடன் பழைய வொல்வோ வண்டி ஒன்றிற் சென்று வென்றார். 1974 இலும் 1976 இலும் மீண்டும் வென்றார். உலகப் புகழ் வாய்ந்த தொழிற்சாலைகளின் செல்வமும் ஆளணியும் அந்நாட்டாரின் வழியறிவை வெல்லப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1972 இல் பின்லாந்தின் ஹன்னு மிக்கொலா வென்றபோதே அக்கோட்டை உடைந்தது.

இம்மூன்று சான்றுகளும் கூடி ஓர் உண்மையை உணர்த்துகின்றன. முன்னாய்வைத் தடுப்பதனால் எல்லாரும் சமமாக அறியாதவராகிவிடுவதில்லை. பதுளைக்கும் அப்புத்தளைக்கும் இடையே ஒரு ராலி நடப்பதாகவும், வழியைப் பார்வையிடல் கூடாதென விதி இருப்பதாகவும் கொள்வோம். கொழும்பிலிருந்து வரும் சாரதி அவ்விதிக்குக் கட்டுப்பட்டு அறியாதவனாய் நிற்பான். பண்டாரவளையிற் பிறந்து, நாள்தோறும் அதே வழியில் லொறி செலுத்துபவனுடைய நினைவை எந்த நடுவர் அழிக்க முடியும்? பொதுப்பாதையிற் போகாதே என்று எவரைத்தான் தடுக்க முடியும்? விதிக்குப் பணிந்தவன் இழப்பான். இரவில் ஒளிந்து சென்று பார்த்தவன் பயன் பெறுவான். அறியாமையைச் சமமாகப் பங்கிடல் இயலாத காரியம். அறிவையோ ஒருவாறு சமமாகப் பங்கிடலாம்.

எதிர்வாதங்களும் உள. செல்வர்கள் வாரக்கணக்கில் தங்கி முன்னாய்வு செய்வர், வறியவன் ஒருநாளுடன் திரும்புவான் என்பது ஒன்று. முன்னாய்வு என்ற பெயரில் மறிக்கப்படாத பாதையில் வேகமாக ஓடி ஊராருக்குத் துன்பம் விளைப்பர் என்பது மற்றொன்று. குறிப்பின் துணையால் வேகம் மிகும் என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் இன்றைய உலக ராலி விதிகள் விடை கண்டுள்ளன. ஒரு கட்டத்தை இருமுறை மட்டுமே பார்வையிடலாம். அதற்கெனக் குறித்த நாளில், வகுத்த வேகத்துக்கு உட்பட்டே செல்லவேண்டும். மீறினால் தண்டனை உண்டு. எல்லாருக்கும் அதே இருமுறைதான். நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் இத்தகைய வழக்கு எழுவதற்கே இடமில்லை. அது தோட்டப்பாதையிற் குறுகிய தூரமே ஏறுவதாகையால், அவ்வழியை எவரும் எளிதிற் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது வாதமே வலிமை மிக்கது. குறிப்பு, சாரதியைக் காக்கின்றது. அதே குறிப்பு அவனை விரையவும் செய்கின்றது. விரையும் வண்டி தடம் தவறினால் யார்மீது பாய்கின்றது? இங்கேதான் இதுவரை வழக்கில் அழைக்கப்படாத ஒரு கட்சி வெளிப்படுகின்றது. வழியோரத்தில் நிற்கும் மக்களே அக்கட்சியினர்.

மொஸ் வென்று ஈராண்டு கழிந்தபின், 1957 இல், அதே மில்லே மில்யாவில் ஒரு வண்டியின் சக்கர உறை வெடித்தது. வண்டியில் இருந்த இருவரும், வழியோரத்தில் நின்ற ஒன்பதின்மரும் மாண்டனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். பாதையில் நடந்த பந்தயம் அத்துடன் முடிவுற்றது. 1986 இல் போர்த்துக்கல் ராலியில் வண்டியொன்று மக்கள் கூட்டத்திற் பாய்ந்து மூவரைப் பலிகொண்டது. வேகக் குறிப்புகள் பரவிய காலம் அது. 2019 செப்டெம்பரில் இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்து பார்மேர் மாவட்டத்தில், போட்டிக்கென மறிக்கப்பட்ட வழியில் மோட்டார்ச் சைக்கிளில் வந்த ஒரே குடும்பத்தினர் மூவர், போட்டி வண்டி மோதி உயிரிழந்தனர்.

நமது மாகாணமும் அத்துயரத்தினின்று தப்பவில்லை. தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி நடைபெற்ற ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் வண்டியொன்று தடம் விலகிப் பார்வையாளரிடையே புகுந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அது ராலியன்று, வட்டக்களம். அங்கே ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு சாரதிக்கும் தெரிந்த வளைவே. ஆகவே வழியறிவு ஒன்றே பாதுகாப்பு என்று கூறிவிடுதல் பொருந்தாது. சாரதி அறிந்திருந்தான், வேலியோரத்து மக்கள் எங்கே நிற்கலாம், எங்கே நிற்றல் ஆகாது என்பதை யார் அறிந்திருந்தனர், யார் அறிவித்தனர்?

தோட்டப்பாதைக்கு இவ்வினா இன்னும் பொருந்தும். அங்கே பாதையே முற்றம். லயத்தின் வாசலிலிருந்து சில அடி தூரத்தில் வண்டி செல்லும். கொழுந்துச் சாக்குடன் மடுவத்துக்கு நடக்கும் பெண்களும், பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும், மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்வோரும் அதே பாதையையே நம்பியுள்ளனர். அதனை ஒருநாள் மறிப்பது ஓர் ஊரின் ஒருநாள் வாழ்வை மறிப்பதாகும். வழியின் வரைபடம் சாரதியின் கையிற் சேருமுன், நாளும் நேரமும் தமிழிலும் சிங்களத்திலும் பிரட்டுக்களத்திற் படிக்கப்படவேண்டும். அபாயமான வளைவு எது என்று ஊராரைக் கேட்டறியவேண்டும்; மழைக்கு மண் சரியும் இடத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? அவ்வளைவுகளின் வெளிப்புறத்தில் எவரும் நிற்காதவாறு காவல் அமைத்த பின்னரே முதல் வண்டி புறப்படல் வேண்டும். அவசர நோயாளிக்கு வழிவிடப் போட்டியை நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும்.

ஆகவே, முன்னாய்வும் வேகக் குறிப்பும் அனுமதிக்கத்தக்கனவே என்பது நமது முடிபு. அவை எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே அளவினவாக, வரையறைக்கு உட்பட்டனவாக இருத்தல் வேண்டும். அவற்றாற் பெருகும் வேகத்துக்கு ஈடாக, வழியோரத்து மக்களுக்கும் அதே அளவு முன்னறிவு கொடுபட வேண்டும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்று சாரதி அறிவது எத்துணை இன்றியமையாததோ, வளைவுக்கு இப்பால் என்ன வருகின்றது என்று லயத்து வாசலில் நிற்கும் பிள்ளை அறிவதும் அத்துணை இன்றியமையாதது. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும் நாளில் ஊவாவின் மலைப்பாதையிற் பந்தயம் வைப்போர் வைக்கட்டும்; ஒன்று குறையினும் அப்பாதையைக் கொழுந்து லொறிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குமே விட்டுவைத்தல் நன்று.