கணவாய்க்கு மேலே ஓய்வில்லம்: சேர்வராயன் மலையில் இரண்டாம் வீட்டின் வரலாறு

முன்னுரை

பெங்களூரிலிருந்து சேலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரி மாவட்டம் தொப்பூர்க் கணவாயில் செங்குத்தாக இறங்குகிறது. லாரி ஓட்டுநர்கள் பிரேக்கில் கால் வைத்தபடியே கடக்கும் இறக்கம் அது. அங்கிருந்து தென்கிழக்கே எழுவது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு ஏற்காட்டு வில்லாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணவாய்தான் வாசல். பிழைப்புக்கு ஒரு வீடு, ஓய்வுக்கு இன்னொரு வீடு என்ற வழக்கம் இம்மலையில் எவ்வாறு வேரூன்றியது? ஓய்வில்லம் என்பது உத்தியோகத்திலும் தோட்டத்திலும் பிறந்தது, ஓய்வு அதனுடன் பின்னால் வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

உத்தியோகம் தந்த வீடு

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 நவம்பரில், திப்புவின் படை கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்குப் போக்குக்காட்டித் தொப்பூர்க் கணவாய் வழியே தெற்கே இறங்கியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் பாராமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. அப்பகுதியைக் கும்பினிக்காக நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். 1799இல் கன்னட நாட்டுக்கு மாற்றலாகிப் போனபின், விட்டுவந்த அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்கி ஊருக்குக் கடிதம் எழுதினார். எனினும் அது பதவியோடு வந்து பதவியோடு போன வீடு. சமவெளி வெயிலிலேயே நின்ற வீடு.

அடுத்த தலைமுறை கலெக்டர்களிடம்தான் மலையில் சொந்த மண் வேண்டும் என்ற எண்ணம் வலுக்கிறது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தோதவர்களிடம் நிலம் வாங்கி 1822இல் உதகையில் கல் வீடு கட்டத் தொடங்கினார். அதே பத்தாண்டில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியையும் ஆப்பிள், பேரிக்காய் மரங்களையும் பயிராக்கினார். ஏற்காட்டின் ‘கிரேஞ்ச்’ பங்களா அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. கொடைக்கானலில் 1845இல் முதல் இரு வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள். சமவெளிக் காய்ச்சலுக்குக் குடும்பத்தினரைப் பறிகொடுத்த பயமே அவர்களை மலையேற்றியது. மூன்று மலைகளிலும் வீடு கட்டக் காரணமாக இருந்தவை உடல்நலம், அதிகாரம், பயிர் ஆகியவையே.

தோட்டத்திலிருந்து ஓய்வுக்கு

காப்பித் தோட்டத்தை ஒட்டி எழுந்த பங்களா வருமானத்தின் அங்கம். அதிலிருந்து விலகிய புதுவகை உரிமையாளருக்குச் சான்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் ‘ஐவி காட்டேஜ்’ வீட்டில் குடியிருந்தார். காப்பியால் அல்லாமல் ஓய்வூதியத்தால் மலையில் வாழ்ந்த தலைமுறையின் ஆள் அவர்.

அவரது ஆய்வே இன்னோர் உண்மையையும் பதிவு செய்கிறது. மலைவாழ் மலையாளி மக்கள், நிலத்தில் கிடைத்த மெருகிட்ட புதிய கற்காலக் கோடரிகளை எடுத்துவந்து பிள்ளையார் கோயில்களில் வைத்திருந்தனர். அவற்றையும் உள்ளடக்கிய அவரது சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. ஒருவருக்கு ஓய்விடமாக இருந்த மலை, இன்னொருவருக்குக் குலசாமியும் பூர்விகமும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோட்டம் முன்னே, ஓய்வில்லம் பின்னே என்ற வரிசை நமக்கு மட்டும் உரியதன்று. கரீபியன் கடலின் மஸ்டிக் தீவு ஒருகாலத்தில் பருத்தி விளைந்த மண். 1958இல் கோலின் டென்னன்ட் அதை விலைக்கு வாங்கினார். 1960இல் இளவரசி மார்கரெட்டுக்கு அங்கே ஒரு மனையைத் திருமணப் பரிசாக அளித்தார். பின்னர் தீவே செல்வந்தர்களின் விடுமுறை வில்லாக்களாக மாறியது.

சட்டமும் பங்கும்

சேர்வராயன் மலை மஸ்டிக்கைப் போல ஒட்டுமொத்தமாக மாறாததற்குச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். 1961ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. தோட்டம் தோட்டமாக நீடித்தால்தான் அந்த விலக்கு. எனவே பெரிய எஸ்டேட்டுகளை மனை மனையாகப் பிரித்து விற்பது எளிதாக இருக்கவில்லை.

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு, அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், வேளாண் நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்கத் தடை உண்டு. குடியிருப்பு வீடு வாங்கத் தடையில்லை. நியூஜெர்சித் தமிழர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வாங்க முடியாது, வில்லா வாங்கலாம். தோட்டத்தைக் காக்க வந்த விதி, மறைமுகமாக வில்லாவுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துவிடுகிறது.

முழு வீடு வாங்க வசதியில்லாத நடுத்தர வர்க்கத்துக்கு வழிவிட்டது ‘டைம்ஷேர்’ முறை. சென்னையில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996இல் வந்த மகிந்திரா நிறுவனமும் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்றன. சல்லிவன் ஏக்கர் கணக்கில் வாங்கிய மலை, நாள் கணக்கில் விலைபேசப்பட்டது.

முடிவுரை

1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் ஏற்காடும் அடங்கும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் வாகன எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. இ-பாஸும் இந்த உச்சவரம்பும் வந்து திரும்பும் வாகனத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அங்கேயே நிற்கும் கட்டடத்தை அல்ல. இரு நூற்றாண்டு வரலாறு காட்டுவது, மலையின் போக்கைத் தீர்மானித்தது நில உரிமைதான் என்பதை. ஆகவே ஏற்காட்டில் ஒவ்வொரு புதிய ஓய்வில்லத்துக்கும் அனுமதி தரும் முன், அது எடுக்கப்போகும் தண்ணீரையும் வெட்டப்போகும் சரிவையும் கணக்கிட்டு, மலையாளி ஊர்களின் கிராம சபை முன் வைப்பதே முறை.