சவலை என்றொரு சொல்

மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு உழைக்கச் செல்வோரின் பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்லி வருகிறோம். முதல் வகுப்பில் ஒரு சிறுவன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். எதிரே நின்று பேசினால் நம் உதட்டையே உற்று நோக்குவான். செவிப்புலன் குன்றியவன் என்பது ஐந்து வயது கடந்த பின்னரே அறியப்பட்டது. அதுவரை? நாவில் வசம்பு தேய்த்தனர், இடுப்பில் கயிறு கட்டினர், ஆண்பிள்ளை மெல்லத்தான் பேசுவான் என்று ஆறுதல் கூறிக்கொண்டனர். பிறந்து மூன்று மாதத்துக்குள் செவிக்குறையைக் கண்டறிந்து, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்கிறது மருத்துவ உலகம். அந்தத் தாயிடம் அதை எவர் சொன்னார்?

அன்புக்குக் குறைவில்லை, அறிவிப்பார்தாம் இல்லை. இது பழங்கதை, தோழர்களே!

அடுத்த கரு வயிற்றில் தங்கியதும் தாய்ப்பாலை இழந்து நலியும் பிள்ளையைச் ‘சவலை’ என்றது தமிழ். ஆப்பிரிக்கத் தங்கக் கடற்கரையில், இன்றைய கானா நாட்டில், கா மொழி பேசும் மக்களும் இளையது பிறக்க மூத்ததைப் பற்றும் நோய்க்கு ‘குவாஷியோர்க்கர்’ எனப் பெயரிட்டிருந்தனர். சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1935இல் அச்சொல்லை அப்படியே மருத்துவ ஏட்டில் ஏற்றினார். அங்கே தாய்மாரின் வாய்ச்சொல் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. இங்கேயோ சவலைக்குப் பக்கத்திலே தோஷமும் கண்ணேறும் வந்து குந்திக்கொண்டன!

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என உணர்ந்து, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் முயற்சியால். 1982 சூலைத் திங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டமோ இரண்டு வயதுப் பிள்ளை வரை இறங்கி வந்தது. எனினும், பள்ளிக்கும் மையத்துக்கும் நடந்து வர இயலாத, தொட்டிலில் கிடக்கும் குழவிக்கு?

அதற்கு விடை தந்தது 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, அட்டையில் கோடு வரைந்தனர். கோடு ஏறினால் வளர்ச்சி; ஏறாது நின்றால் எச்சரிக்கை. தளர்ந்த பிள்ளைக்கு 90 நாள் சத்துருண்டை; எடை தேறியதும் நிறுத்திவிடுவர். கண்ணுக்குத் தெரியாத நலிவைத் தராசு காட்டிற்று, தாய்க்கும் அது புரிந்தது. பணியாளரைத் தேர்ந்த முறைதான் நம்மைப் பெரிதும் கவர்கிறது. அவ்வூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். வறுமையிலும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்தவராக இருந்தால் இன்னும் நன்று. பட்டணத்துப் பட்டதாரி நூறு சொற்பொழிவு ஆற்றினும், அடுத்த தெருக்காரி “என் பிள்ளையைப் பார்” என்பதற்கு ஈடாகுமா?

1975இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் அங்கன்வாடி இன்று நாடெங்கும் உண்டு. 2013 முதல் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து செவி, பார்வை, நடை, பேச்சு யாவும் சோதித்து, தேவைப்படுவோரை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்தது. ஏற்பாடு நன்று. ஆனால் நம் சிறுவன் எந்த அங்கன்வாடிப் பதிவேட்டிலும் இல்லை! வேலையைத் தொடர்ந்து வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்த குடும்பம் அது. பதிவேட்டில் இல்லாத பிள்ளையைக் குழு எங்ஙனம் காணும்? கண்டு சீட்டுக் கொடுத்தாலும், மருத்துவமனைக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி போயிற்றே!

சென்ற மாதம் தோழர்கள் இருவரோடு இரண்டு தெருக்களில் வீடு வீடாகச் சென்றோம். பதிவேட்டில் ஏறாத ஐந்து குழந்தைகளைக் கண்டோம். ஒன்று, பதினெட்டுத் திங்கள் ஆகியும் நிற்கவில்லை. பட்டியலை அங்கன்வாடிப் பணியாளர் அம்மையாரிடம் கொடுத்தோம். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே: “இவங்க எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பாங்க?”

இரவு எட்டுக்கு மேல் என்றோம். வருகிறேன் என்றார்.