ஒரு சிட்டிகைப் பொடியும் இரண்டு கணவாய்களும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நேயர்கள் 'பொடி' என்ற சொல்லைக் கேட்டதும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப் பொடியையே முதலில் நினைப்பர். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன்பு நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், "கொஞ்சம் பொடி இருக்குமா?" என்று கேட்டால், அவர் வேண்டியது மூக்குப்பொடியே என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. இந்தப் பொடிக்கு இந்தி வழங்கும் நாட்டில் 'சுங்கனீ' என்று பெயர். 'காமாயனி' காவியத்தை இயற்றிய ஜயசங்கர் பிரசாதின் குடும்பம் காசியில் 'சுங்கனீ சாஹு' என்றே அழைக்கப்பட்டது. பொடி வாணிகத்தால் வந்த பெயர் அது. ஆகவே இவ்வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று.

ஒரு காலத்தில் இத்துணைப் பெருமையுடன் விளங்கிய மூக்குப்பொடி வருங்காலத்தில் மீண்டும் செல்வாக்குப் பெறுமா? இவ்வினாவிற்கு விடை காண விரும்புவோர் பாலக்காட்டுக் கணவாயையும், இடுக்கி மாவட்டத்திற்கும் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் இடையேயுள்ள மலை வழிகளையும் சற்று நோக்குதல் வேண்டும். ஒரு பழக்கத்தை எது வளர்க்கிறது, எது மாய்க்கிறது என்பதற்கு அவ்வெல்லையின் சரித்திரம் நல்ல சான்றாகும்.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தது. லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ 1560-ஆம் ஆண்டையொட்டி அதனைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். இலையிலுள்ள நச்சுப் பொருளாகிய நிகோடினுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தியாவிற்கு இதனைக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். 1605-ஆம் ஆண்டையொட்டி அசத் பேக் என்னும் அதிகாரி பீஜப்பூரிலிருந்து புகையிலையைக் கொண்டு சென்று அக்பரின் முன் வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1617-இல், ஜஹாங்கீர் புகைப்பதைத் தடை செய்தார். தடையால் பயன் விளையவில்லை.

தமிழகத்திலோ இலைக்குத் தெய்விகக் கதையே பிறந்துவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர், பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக அனுப்புவதாகவே 'புகையிலை விடு தூது' என்றொரு நூல் பாடினார். வந்தேறிய ஒரு செடி நம் பிரபந்த மரபிலே இடம் பெற்றது, அது எவ்வளவு விரைவில் நம்முடையதாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. மூக்கு வழியே மருந்து செலுத்தும் 'நசியம்' என்னும் முறை நம் வைத்தியத்தில் முன்னரே இருந்தது. தலைவலிக்கும் சளிக்கும் பொடி நல்லது என்று மக்கள் எளிதில் நம்பியதற்கு இப்பழைய முறையும் ஒரு காரணமாகலாம்.

இனிப் பாலக்காட்டிற்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு விழுந்துள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கே கோயம்புத்தூர்ச் சீமை. வறண்ட காற்றும் கிணற்றுப் பாசனமும் புகையிலைக்கு ஏற்றவை. மேற்கே மலையாள நாடு, மழை மிகுதி, வெற்றிலையும் பாக்கும் ஏராளம், புகையிலை மட்டும் போதாது. இல்லாத இடத்திற்கு உள்ள இடத்துச் சரக்கு செல்வது இயல்பு. 1800-ஆம் ஆண்டில் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூரின் புகையிலைப் பயிரையும் மலையாள நாட்டுடன் நடந்த அதன் வாணிகத்தையும் எழுதி வைத்துள்ளார்.

இந்த இயல்பான ஓட்டத்தின் குறுக்கே அரசு புகுந்தது. 1806-ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி மலபாரில் புகையிலை விற்பனையைத் தன் ஏகபோகமாக்கிற்று. பின்னர் அவ்வேற்பாடு கோயம்புத்தூருக்கும் விரிந்தது. உழவன் தான் விளைத்த இலையைக் கம்பெனி குறித்த விலைக்குக் கம்பெனிக்கே விற்றல் வேண்டும். மலைக்கு அப்பால் இருப்பவன் கம்பெனி விதித்த உயர்ந்த விலைக்கே வாங்குதல் வேண்டும். இரு விலைகளுக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாடு கள்ளக் கடத்தலை வா என்று அழைத்தது. போதாக்குறைக்குக் கணவாயினுள்ளேயே பாலக்காடு கம்பெனியின் ஆட்சியிலும், சிற்றூர் கொச்சி அரசிலும் இருந்தன. எல்லைக் கோடு வளைந்து வளைந்து சென்றதால், காட்டு வழி அறிந்தவனுக்கு ஒரு சுமை இலை ஒரு பருவத்து நெல்லைவிட இலாபம் தந்திருக்கும். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனே இந்த ஏகபோகத்தை எதிர்த்தார் என்றால் அதன் கேடு எத்தகையது என்று உய்த்துணரலாம். 1853-இல்தான் அது நீக்கப்பட்டது. 1862-இல் கணவாயின் வழியே இரயில் பாதை முழுமை பெற்றது; வண்டிகளிலும் தலைச்சுமையாகவும் சென்ற சரக்கு இரயிலேறத் தொடங்கிற்று.

தெற்கே, இன்று இடுக்கி மாவட்டமாக உள்ள மலைப்பகுதி அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. அங்கும் புகையிலை அரசின் ஏகபோகமே. யாழ்ப்பாணத்து இலையைக் கடல் வழியே தருவித்து, பண்டகசாலைகளில் வைத்து, அரசே விற்றது. கருவூலத்திற்கு அது ஒரு பெரிய வருவாய். மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வரும் இலை அவ்வருவாயைக் குறைக்குமாதலின், கணவாய்களில் காவல் தேவைப்பட்டது. திவான் தி. மாதவராவ் காலத்தில், 1863-இல், ஏகபோகம் ஒழிந்து இறக்குமதித் தீர்வை வந்தது. 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட உடன்படிக்கை சுங்கத் தடைகளைப் பெரும்பாலும் நீக்கிய போதிலும், புகையிலைக்கு விதிவிலக்கு நீடித்தது. அரசுகள் எதனை விட்டாலும் இவ்விலையை விடவில்லை.

பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. கண்ணன் தேவன் மலைகளை 1877-இல் ஜே. டி. மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். அவர்களோடு அவர்களுடைய வெற்றிலைப் பையும் பொடி மட்டையும் ஏறின. மலைக்குச் சென்றவனுக்கு ஊரின் வாசனை வேறு எங்கே கிடைக்கும்? பிறந்த மண்ணை விட்டு வந்த நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மூக்குப்பொடி செய்யும் முறை எளியது. இலையைக் காயவைத்து, வறுத்து, இடித்து, வஸ்திரகாயம் செய்து, சுண்ணாம்பும் நெய்யும் அளவறிந்து சேர்ப்பர். சுண்ணாம்பு காரத்தை எழுப்பும். நெய் அதனை அடக்கி மணம் சேர்க்கும். வாழை மட்டையில் கட்டி விற்றதால் 'பொடி மட்டை' என்ற பெயர் வந்தது. 'டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி' என்னும் விளம்பரம் தமிழ் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த ஒன்று.

பொடியின் செல்வாக்கிற்கு அதன் காரம் மட்டும் காரணமன்று. அதற்கு நெருப்பு வேண்டா, புகையும் இல்லை. பள்ளியிலும் கச்சேரியிலும் பஞ்சு மண்டியிலும் சுருட்டுப் பற்றவைக்க இயலாதவர் ஒரு சிட்டிகையை உறிஞ்சிக் கொள்ளலாம். அன்றியும், அது பகிர்ந்துகொள்ளும் பொருள். கல்பாத்தி அக்கிரகாரத்துத் திண்ணையிலும் போடிச் சந்தையிலும் அறிமுகமில்லாத இருவரைப் பேச வைக்க ஒரு டப்பி போதும். அறிஞர் அண்ணாதுரை பொடி போடுபவர் என்பதைத் தமிழகம் அறியும். அது அவருக்கு ஒரு குறையாக எண்ணப்படவில்லை. சபை ஏற்றுக்கொண்ட வழக்கத்திற்கு வேறு பரிந்துரை தேவையில்லை.

அந்தச் சபை இன்று கலைந்துவிட்டது. முதலில் பீடியும் சிகரெட்டும் இளைஞரைக் கவர்ந்தன. கைக்குட்டையில் படியும் கறையும் ஓயாத தும்மலும் நாகரிகக் குறைவாயின. திண்ணைகள் மறைந்தன. மருத்துவ எச்சரிக்கையும் சேர்ந்தது. ஜான் ஹில் என்னும் ஆங்கில மருத்துவர் 1761-லேயே மிகுதியாகப் பொடி போடுவோரின் மூக்கில் தோன்றும் கொடிய கட்டிகளைப் பற்றி எச்சரித்திருந்தார். புகையற்ற புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பிற்காலத்தில் உறுதியாக அறிவித்தது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் மூக்குப்பொடியையும் தன் பட்டியலில் சேர்த்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அதனை விற்றல் குற்றம்.

வயதுவந்தோரிடையே எடுக்கப்பட்ட கணக்குகளைப் பாருங்கள். 2009-10-இல் கேரளத்தில் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தியோர் நூற்றுக்கு 21.4, 2016-17-இல் அது 12.7 ஆகக் குறைந்தது. அதே கால அளவில் தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20.0 ஆக உயர்ந்தது. கணவாயின் ஒருபுறம் இறக்கம், மறுபுறம் ஏற்றம். கேரளம் 2012-இல் குட்காவைத் தடை செய்தது. தமிழ்நாடு 2013-இல் தடை செய்தது. அதன் பின்னரும் வாளையாறுச் சோதனைச் சாவடியில் தடை செய்யப்பட்ட புகையிலைப் பொருள்கள் பிடிபட்டுள்ளன. கம்பெனி காலத்துக் காவலரும் நம் காலத்துக் காவலரும் ஒரே வழியில் ஒரே இலையைத் தேடியிருக்கின்றனர்!

ஆகவே, நம் வினாவிற்கு விடை இதுவே: மூக்குப்பொடி தன் பழைய செல்வாக்கை மீண்டும் பெறாது. அதனை வீழ்த்தியது பேரரசரின் தடையன்று, கம்பெனியின் ஏகபோகமன்று, தீர்வையுமன்று. இவையெல்லாம் பொடியின் விலையையும் அது வரும் வழியையும் மாற்றினவேயன்றி, அதன்மேல் இருந்த ஆசையை மாற்றவில்லை. அதனை மதித்த சபை மதிப்பை விலக்கிக்கொண்டதே அதன் முடிவிற்குக் காரணம்.

ஆனால் பொடி மறைந்தால் இலை மறைந்தது என்று எண்ணுதல் தவறு. பொடி டப்பி இருந்த இடத்தில் மினுக்கும் சிறு பொட்டலம் வந்தது. மின் சிகரெட்டும் வந்தது. அதனை 2019-இல் நாடு முழுவதும் தடை செய்ய வேண்டியதாயிற்று. தொலைவில் வேலை தேடிச் செல்லும் இளைஞனுக்குத் தனிமையும் உண்டு. கையில் காசும் உண்டு. அவனிடம் அவ்விலை புதுப்புது வேடத்தில் வரும். ஒரு சிட்டிகையைப் பகிர்ந்து முன்பின் அறியாதவனை நண்பனாக்கிய நம் பெரியோரின் பண்பு போற்றத்தக்கது. அப்பண்பை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோம். பொடியை விட்டுச் செல்ல வேண்டா. சட்டம் கணவாயில்தான் காவல் நிற்க இயலும். வீட்டு வாசலில் காவல் நிற்க வேண்டியவர் நாமே.