சேற்றில் இறங்கிய விருந்தாளிகள்

 மும்பையில் கோவண்டிக்குக் கிழக்கே, ஊர்க்காரர்கள் ‘காடி’ என்று சொல்லும் தானே கழிமுகத்தில் காணக் கிடைப்பது பூநாரை. நவம்பரில் வந்து மழை தொடங்கும்வரை தங்கும். கட்ச் பாலைச் சதுப்பில் பொரித்த பறவைகளும் இவற்றில் உண்டு. மும்பையின் சிவ்ரி கரைச் சேற்றில் இவை பெருங்கூட்டமாகத் தெரியத் தொடங்கியது 1990-களில்தான். இப்போது சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

வேண்டாததையெல்லாம் நகரம் ஒதுக்கிய கரை இது. 1927-லிருந்து தேவனார் குப்பைமேடு இங்கேதான். 1976 மே 17 அன்று, அணுசக்தி மையத்தின் நிலத்திலிருந்த ஜனதா காலனியை இடித்து, சுமார் 70,000 பேரைச் சதுப்போரத்துச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். மனிதரையும் குப்பையையும் தள்ளிவிட்ட அதே ஓரத்துக்குப் பூநாரை தானாக வந்து இறங்கியது. சாக்கடை நீரில் செழித்த நீலப்பச்சைப் பாசிதான் சிறு பூநாரைக்கு உணவு. இளஞ்சிவப்பு நிறமும் அதிலிருந்தே வருகிறது. அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை இழுத்து வெளியேற்றி, பாசியை வடிகட்டித் தின்னும்.

வழிதவறி தெருவிலோ மொட்டைமாடியிலோ இறங்கிவிட்ட பூநாரையின் பாடு கொடுமை. பறந்தெழ அதற்குச் சில அடி ஓட்டம் வேண்டும். நாலு சுவருக்குள் அது நடக்காது. பரிதாபப்பட்டுக் காலைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு முறியும். துரத்திப் பிடித்த பதற்றத்திலேயே கால் தசைகள் சிதைந்து, அப்புறம் எழுந்து நிற்கவே முடியாமல் போவதும் உண்டு. துணியால் தலையை மூடி, இறக்கையை உடலோடு அணைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, வனத்துறையை அழைப்பதே சரி. தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

இந்த நகரத்துக்குப் பறவை, விலங்குகள் மீதான அக்கறை புதிதல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கியது 1883-ல். பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பெயரோடு விலங்கு மருத்துவமனை எழுந்ததும் அதே 1880-களில்தான். கழிமுகத்தின் 1,690 ஹெக்டேர் பரப்புக்குச் சரணாலயப் பட்டம் கிடைக்க மட்டும் 2015 ஆகிவிட்டது. ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022-ல்.

பட்டம் போதவில்லை. 2024 மே 20 இரவு, தரையிறங்க வந்த விமானம் கோவண்டிக்குப் பக்கத்துக் காட்கோபர் வானில் ஒரு பூநாரைக் கூட்டத்தின் மீது மோதியது. 39 பறவைகள் குடியிருப்புகள் நடுவே செத்து விழுந்தன. காடிக்கு அக்கரையில், நெரூல் ஏரியில், அலைநீர் வரும் வழி அடைபட்டு அதே கோடையில் பூநாரைகள் மாண்டன. ஊர்மக்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் மாநில வனவிலங்கு வாரியம் அந்த 30 ஏக்கர் ஏரியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க ஒப்புதல் தந்தது.