ஓடிக் களைத்த குதிரைக்கு ஒரு லாயம்

சிங்கப்பூரின் கிராஞ்சி திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி நடந்து முடிந்தது. 1842-இல் தொடங்கிய கழகம் அது. மூடுவிழா அறிவிப்பு 2023 ஜூனில் வந்த உடனேயே அந்த நிலத்தில் வீடுகள் வருமா என்ற பேச்சு எழுந்தது. லாயங்களில் நின்ற நூற்றுக்கணக்கான குதிரைகள் எங்கே போகும்? அதுவும் கேட்க வேண்டிய கேள்விதானே!

இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே முதுகில் ஆள் ஏறி ஓட்டும் பந்தயத்தோடு, வண்டி பூட்டி ஓட்டும் பந்தயமும் உண்டு. தமிழர்களுக்கு ரேக்ளா தெரியும். ஏறக்குறைய அதே வகைதான். 'சல்கி' எனப்படும் இரண்டு சக்கர இலேசான வண்டியில் ஓட்டுநர் அமர்ந்திருப்பார். ஆனால் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. 'ட்ராட்' என்ற நடையில் மூலைக்கு மூலை கால்கள் சேர்ந்து நகரும். 'பேஸ்' என்ற நடையில் ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து நகரும். பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் ஓட்டுநர் உடனே கடிவாளத்தை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றக் குதிரைகள் முந்திப் போய்விடும்.

இதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் 'ஸ்டாண்டர்ட்பிரெட்'. 1879-இல் இந்த இனத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரு மைல் தூரத்தை 2 நிமிடம் 30 விநாடிக்குள் கடக்க வேண்டும் என்பதே அந்த அளவு. இனத்தின் பெயரும் அதிலிருந்துதான் வந்தது. இன்றைய குதிரைகளில் பெரும்பாலானவை 1849-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த ஹாம்பிள்டோனியன் என்ற ஒரே குதிரையின் வழிவந்தவை. தாயையும் குட்டியையும் சேர்த்து 125 வெள்ளிக்கு வாங்கியவர் வில்லியம் ரைஸ்டிக் என்ற பண்ணையாள். அந்தக் குட்டி பின்னாளில் 1,300-க்கும் அதிகமான குட்டிகளுக்குத் தந்தையாகி அவரைப் பணக்காரர் ஆக்கியது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. நல்ல பொலிகுதிரைக்கு ஓடி முடித்த பிறகும் மதிப்பு உண்டு. நல்ல பெட்டைக்கும் உண்டு. காயடிக்கப்பட்ட குதிரைக்கு? கால் ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்தது. அமெரிக்க விதிப்படி 14 வயதைத் தாண்டிய குதிரை பந்தயத்தில் ஓட முடியாது. பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகின்றன. ஆனால் குதிரையின் ஆயுளோ 25, 30 ஆண்டுகள். ஓடிய காலத்தைவிட ஓடாத காலம் பெரிது. அத்தனை ஆண்டுகளுக்கும் புல், தானியம், லாடம், மருத்துவர் என்று செலவு நிற்காது.

சில குதிரைகளுக்கு யோகம் இருந்தது. 'கிரேஹவுண்ட்' என்ற சாம்பல் நிறக் குதிரையை இ. ஜே. பேக்கர் என்பவர் ஏலத்தில் 900 வெள்ளிக்கு வாங்கினார். காயடிக்கப்பட்ட குட்டி. அது 1935-இல் புகழ்பெற்ற ஹாம்பிள்டோனியன் பந்தயத்தை வென்றது. 1938-இல் ஒரு மைலை 1 நிமிடம் 55¼ விநாடியில் கடந்தது. அந்தச் சாதனையை முறியடிக்க 1969 வரை எந்த 'ட்ராட்' குதிரையாலும் முடியவில்லை. 1940-இல் ஓய்வு. இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் சார்ல்ஸ் ஊரில் பேக்கரின் பண்ணையில் அதற்கெனத் தனி லாயமே அமைத்தார்கள். மக்கள் தேடிவந்து பார்த்துச் சென்றார்கள். 1965-இல் அது இறந்தபோது வயது 33.

நியூசிலாந்தின் 'கார்டிகன் பே' கதையும் அப்படித்தான். இடுப்பில் பலத்த அடிபட்டுத் தேறிய குதிரை அது. 1964-இல் ஒரு லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டு அமெரிக்கா போனது. 1968-இல் பரிசுத் தொகையாகப் பத்து லட்சம் வெள்ளியைத் தொட்ட முதல் ஸ்டாண்டர்ட்பிரெட் என்ற பெயரைப் பெற்றது. பிறகு தாயகம் திரும்பியது. 1970-இல் நியூசிலாந்து அதன் படத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது. இருபது ஆண்டு நிம்மதியான ஓய்வுக்குப் பிறகு 1988-இல் இறந்தது.

பெயர் பெறாத குதிரைகள் என்ன ஆயின? பல ஏலத்துக்குப் போயின. அங்கே இருவகை ஆட்கள் வருவார்கள். ஒருவர், மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் சமயத்தினர். பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் இவர்களின் கூண்டு வண்டிகளை இழுப்பவை பெரும்பாலும் பழைய பந்தயக் குதிரைகளே. வண்டி பழக்கி, சாலைச் சத்தத்துக்கு மிரளாத குதிரை இவர்களுக்கு வேண்டும். வாழ்க்கை கிடைத்தது உண்மை, ஆனால் தார்ச்சாலையில் நாள்தோறும் ஓடுவதை ஓய்வு என்று சொல்ல முடியாது.

இன்னொருவர், இறைச்சிக்கு வாங்குபவர். அமெரிக்காவின் கடைசிக் குதிரை வெட்டுக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று இருந்தது இல்லினாயின் டிகால்ப் ஊரில். கிரேஹவுண்ட் ராஜாவைப் போல ஓய்வெடுத்த செயின்ட் சார்ல்ஸுக்கு அது பக்கத்து வட்டாரம்தான்! உள்நாட்டில் மூடிய பிறகு குதிரைகளை லாரியில் ஏற்றி கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கொண்டுசென்றார்கள். பயணம் நீண்டதே தவிர முடிவு மாறவில்லை.

இதைத் தடுக்கத்தான் 1989-இல் நியூஜெர்சியில் 'ஸ்டாண்டர்ட்பிரெட் ரிட்டயர்மென்ட் ஃபவுண்டேஷன்' தோன்றியது. 1992-இல் ஒஹாயோவில் 'நியூ வொகேஷன்ஸ்' என்ற அமைப்பு பிறந்தது. ஓடி முடித்த குதிரையை வாங்கி, காயம் ஆற்றி, பழக்கி, தகுந்த குடும்பத்திடம் தத்துக் கொடுப்பது இவற்றின் வேலை. தத்து என்றால் சும்மா இல்லை. எழுத்து மூல ஒப்பந்தம் உண்டு. குதிரையின் நலம் தொடர்ந்து கண்காணிக்கப்படும்.

பழக்குவதில்தான் சுவாரஸ்யம். ஸ்டாண்டர்ட்பிரெட் சாதுவான குதிரை. சேணம் பூட்டினாலும் குளிப்பாட்டினாலும் லாரியில் ஏற்றினாலும் அடம்பிடிக்காது. ஆனால் முதுகில் ஆள் உட்கார்ந்த அனுபவம் பலவற்றுக்கு இருப்பதில்லை. இடத்துக்கு இடம் உடலைச் சமன் செய்யக் கற்க வேண்டும். அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. பாயாதே, பாயாதே என்று ஆண்டுக்கணக்கில் அடக்கப்பட்ட குதிரைக்கு, இப்போது பாயலாம் என்று சொல்லித்தர வேண்டும். சில குதிரைகளுக்கு மாதக்கணக்கில் ஆகிறது. பயிற்சியாளர் அவசரப்பட்டால் குழம்பிப்போய் மறுபடியும் பழைய 'பேஸ்' நடைக்கே திரும்பிவிடும்.

தேறியவை குழந்தைகளைச் சுமக்கின்றன, காட்டுப்பாதைச் சவாரிக்குப் போகின்றன, உடற்குறை உள்ளோருக்கான சவாரி வகுப்புகளில் நிற்கின்றன. காவல்துறைக் குதிரைப் படைகளில் சேர்ந்தவையும் உண்டு.

அமெரிக்காவின் பந்தயச் சங்கம் 'ஃபுல் சர்க்கிள்' என்றொரு பதிவேடும் வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் குதிரையை வளர்த்தவரோ ஓட்டியவரோ, பின்னாளில் அதற்கு உதவி தேவைப்பட்டால் தம்மை அழைக்கலாம் என்று அதில் பெயர் பதிந்து வைக்கலாம். குதிரையின் கழுத்தில் குளிர்முத்திரையாக இட்ட குறி அங்கே உதவுகிறது. எங்கோ ஓர் ஏலத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரையின் பிடரி மயிரை ஒதுக்கி அந்தக் குறியைப் படித்தால் போதும். அது எங்கே பிறந்தது, எத்தனை பந்தயம் வென்றது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.