மர்பி என்னும் பெயரின் வரலாறு

நம் பங்கில் அறுபது வயதைக் கடந்த பெரியவர் எவரிடமாவது ‘மர்பி’ என்று சொல்லிப் பாருங்கள். “ரேடியோவா?” என்றுதான் உடனே கேட்பார். உதட்டருகே விரலை வைத்துச் சிரிக்கும் குழந்தையின் படத்தோடு, ஒரு காலத்தில் நம் நாட்டு வீடுகளில் கொலுவீற்றிருந்த வானொலிப் பெட்டி அது. 1929-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபிராங்க் மர்பி என்ற பொறியாளர் தம் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. கம்பெனி ஆங்கிலேய நாட்டினது, பெயரோ அயர்லாந்தினுடையது. அந்தத் தீவில் வேறெந்தக் குடும்பப் பெயரையும் விட அதிகமான மக்கள் தாங்கி நிற்கும் பெயர் இதுவே. இப்பெயர் எங்கே பிறந்தது, எத்தனை இடர்களைக் கடந்தது, யாரால் காக்கப்பட்டது என்பதை ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் நாம் அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில், இக்கதையின் முடிவு ஒரு பங்குக் கோவிலின் அலமாரியில் வந்து நிற்கிறது.

பெயரின் பிறப்பு

நம்மவர் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுகிறோம். மகன் காலத்தில் அந்த எழுத்து மாறிவிடும். அயர்லாந்து மக்களும் முதலில் இவ்வாறே ‘இன்னார் மகன் இன்னார்’ என்று வழங்கி வந்தார்கள். அவர்களுடைய கேலிக் மொழியில் ‘மாக்’ என்றால் மகன்; ‘ஓ’ என்றால் பேரன், அதாவது வழித்தோன்றல். பத்தாம் நூற்றாண்டு முதல் இவ்வழக்கம் நிலைபெற்று, தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயர் ஆயிற்று. 916-ம் ஆண்டு இறந்த ஒரு சிற்றரசரை ‘ஓ கிளேரி’ குடும்பத்தவராக அந்நாட்டு ஆண்டுக் குறிப்புகள் காட்டுகின்றன. ஐரோப்பாவில் நிலைபெற்ற குடும்பப் பெயர்களுள் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

மர்பி என்பதன் மூலவடிவம் ‘ஓ முரஹூ’ என்பது போல ஒலிக்கும். ‘முரஹூவின் வழிவந்தவர்’ என்பது அதன் பொருள். முரஹூ என்பது பழங்காலத்து ஆண்பெயர். கடல் என்னும் சொல்லும் போர் என்னும் சொல்லும் சேர்ந்தது. ‘கடற்போர் வீரன்’ எனக் கொள்ளலாம். கடற்கொள்ளைக்காரரான வைக்கிங்குகள் வந்து தாக்கிய காலத்தில் இப்பெயர் பெருமையுடையதாக விளங்கியதில் வியப்பில்லை. 1014-ம் ஆண்டு பெரிய வெள்ளியன்று க்ளோன்டார்ஃப் போர்க்களத்தில் மன்னர் பிரையன் போரு இறந்தார். அதே களத்தில் மடிந்த அவருடைய மகனுக்கும் முரஹூ என்றே பெயர்.

பலரும் விரும்பி இட்ட பெயராதலால், ஒன்றோடொன்று உறவில்லாத பல குடும்பங்கள் வெவ்வேறு மாவட்டங்களில் இதே பெயரைப் பெற்றன. தென்கிழக்கே வெக்ஸ்போர்டிலும், தெற்கே கார்க்கிலும், வடக்கே டைரோனிலும் தனித்தனி மர்பிகள் தோன்றினார்கள். எனவே மர்பிகள் எல்லாரும் பங்காளிகள் என்று எண்ணிவிடக் கூடாது.

பெயர் பட்ட பாடு

வெக்ஸ்போர்டில் வாழ்ந்த மர்பிகள், அப்பகுதியை ஆண்ட அரச குலத்தோடு இனவழியில் தொடர்புடையவர்கள். அக்குலத்து மன்னரான டெர்மட் மாக் முரஹூ 1166-ல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார். இழந்த அரசை மீட்பதற்காக இங்கிலாந்து மன்னரின் தயவை நாடினார். அதன் பலனாக 1169-ல் நார்மன் வீரர்கள் வெக்ஸ்போர்டுக் கரையில் வந்து இறங்கினார்கள். உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அயர்லாந்தின் எழுநூறு ஆண்டுத் துன்பத்துக்கு அதுவே தொடக்கம்.

ஆட்சி மாறியதும் பெயருக்கும் இடையூறு வந்தது. 1465-ம் ஆண்டு, டப்ளின் நகரைச் சூழ்ந்த ஆங்கிலேயப் பகுதியில் வாழும் அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலப் பெயர் பூண வேண்டும் என்று சட்டம் பிறந்தது. ஓர் ஊரின் பெயர், ஒரு நிறத்தின் பெயர், ஒரு தொழிலின் பெயர் என ஏதேனும் ஒன்றை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமாம்! அச்சட்டம் சிறு பகுதிக்கே உரியது. ஆயினும் பின்னால் வரவிருந்ததற்கு அது முன்னறிவிப்பு.

17-ம் நூற்றாண்டில் கத்தோலிக்கரின் நிலங்கள் பறிக்கப்பட்டன. 1697-ல் இயற்றிய சட்டம் ஆயர்களையும் துறவிகளையும் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. 1704-ல் வந்த சட்டப்படி கத்தோலிக்கரின் சொத்து எல்லா ஆண்மக்களுக்கும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். மூத்த மகன் அரசாங்கச் சபையில் சேர்ந்துவிட்டால் மட்டும் முழுவதும் அவனுக்கே உரியதாகும். குருக்கள் அரசாங்கப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. மக்கள் வெட்டவெளியில் பாறையைப் பீடமாக்கிப் பூசை கண்டார்கள்.

அக்காலத்தில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் இழந்தன. குத்தகைச் சீட்டு எழுதியவரும் நீதிமன்றக் குமாஸ்தாவும் ஆங்கிலமே அறிந்தவர்கள். காதில் விழுந்ததைத் தம் எழுத்தில் எழுதினார்கள். கேலிக் பெயரோடு பிழைப்பது கடினமென்று கண்ட மக்களும் விட்டுக்கொடுத்தார்கள். ‘ஓ முரஹூ’ மர்பி ஆனது இவ்வாறே.

பூலவோக் பங்கின் குரு

இப்பெயரைத் தாங்கியவர்களுள் அயர்லாந்து மக்கள் இன்றும் கண்ணீரோடு நினைப்பது தந்தை ஜான் மர்பியை. வெக்ஸ்போர்டு மாவட்டத்தில் பிறந்து, ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் குருத்துவக் கல்வி பயின்று, பூலவோக் என்னும் சிற்றூரில் உதவிப் பங்குக் குருவாக இருந்தவர். 1798-ல் நாடெங்கும் கலகம் மூளும் அறிகுறி தோன்றியபோது, ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு அமைதியாக இருங்கள் என்றே தம் மக்களுக்கு அவர் புத்தி சொன்னார். ஆனால் அரசாங்கப் படையினரின் கொடுமை அளவு கடந்தது. மே 26-ல் மோதல் மூண்டது. அவருடைய கோவிலும் தீக்கிரையாயிற்று. மறுநாள் ஓலார்ட் குன்றில் தம் மக்களின் முன்னே நின்றார். அன்று வெற்றி கிட்டியது. ஜூன் 9-ல் ஆர்க்லோவில் நடந்த சண்டையில் மைக்கேல் மர்பி என்ற மற்றொரு குரு உயிரிழந்தார். ஜூன் 21-ல் வினிகர் குன்றில் மக்கள் படை முறிந்தது.

சில நாட்களில் தந்தை ஜான் மர்பி பிடிபட்டார். ஜூலை 2-ம் நாள் டல்லோ என்ற ஊரின் சந்தைத் திடலில் சாட்டையால் அடிக்கப்பட்டு, தூக்கிலிடப்பட்டு, உடல் எரிக்கப்பட்டார். எவ்வளவு வதைத்தும் தாம் யார் என்பதை அவர் சொல்லவில்லை என்பது அங்கே வழிவழியாக வரும் செய்தி. தன் பெயரைச் சொல்ல மறுத்தவரின் பெயரைத்தான் இன்று அந்நாட்டுக் குழந்தைகளும் அறிந்திருக்கிறார்கள். அவர் எடுத்த வழி சரியா, தவறா என்று வரலாற்று அறிஞர்கள் வாதிடலாம். தம் மந்தையை விட்டு அவர் ஓடவில்லை என்பதில் வாதமில்லை.

டல்லோவும் சென்னையும்

அதே டல்லோ நகரத்தில், அவர் இறந்து பத்தாண்டுகள் முடியுமுன்னே, ஒரு நற்செயல் தொடங்கியது. 1808-ல் ஆயர் டேனியல் டெலனி அங்கே புனித பேட்ரிக் சகோதரர் சபையைத் தோற்றுவித்தார். கல்வியின்றிக் கிடந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் எழுத்தறிவும் ஊட்டுவதே அதன் நோக்கம். அச்சகோதரர்கள் 1875-ல் சென்னை வந்தார்கள். அடையாற்றில் உள்ள புனித பேட்ரிக் பள்ளி அவர்களுடையது. அவர்களுக்கு முன்பே, கார்க் நகரில் 1775-ல் நானோ நேகிள் அம்மையார் தொடங்கிய காணிக்கை மாதா சபைக் கன்னியர் 1842-ல் சென்னையில் வந்து இறங்கியிருந்தார்கள். இன்னும் முன்னதாக, 1830-களில், சென்னை மறைமாவட்டப் பொறுப்பை ஏற்றவர் டேனியல் ஓ’கானர் என்னும் அயர்லாந்துத் துறவி. வானொலிப் பெட்டிக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அயர்லாந்துப் பெயர்கள் நம் மண்ணில் ஒலித்தன என்பதற்கு இவையே சான்று.

உலகெங்கும் மர்பி

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதையே உண்டு வாழ்ந்த ஏழைகள் பட்டினியால் செத்தார்கள். 1841-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1851-ல் 65 லட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்தது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். கார்க் போன்ற தென்மாவட்டங்கள் பெரும் அழிவைக் கண்டன. மர்பிகள் செறிந்து வாழ்ந்ததும் அங்கேதான். போன இடமெல்லாம் பெயரும் போயிற்று.

இத்தனைக்குப் பின்னும் தாய்நாட்டில் அப்பெயர் குன்றவில்லை. 1890-ம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு ராபர்ட் மேத்திசன் என்ற அதிகாரி கணக்கிட்டபோது, மர்பிகள் 62,600 பேர் என்று கண்டார். அடுத்து நின்ற கெல்லிகள் 55,900, சல்லிவன்கள் 43,600. இன்றைய அயர்லாந்திலும் மர்பிக்கே முதலிடம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2010-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இப்பெயருடையோர் மூன்று லட்சத்துக்கும் மேல். அதாவது 1890-ல் அயர்லாந்தில் இருந்தவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு!

அவர்களுள் பலதரப்பட்டவரும் உண்டு. பஞ்சத்துக்கு முன்பே ஆஸ்திரேலியா சென்ற பிரான்சிஸ் மர்பி, 1844-ல் அடிலெய்டு மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியான மற்றொரு ஃபிராங்க் மர்பி, ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து வெளியேற்றியது அநீதி என்று 1944-ல் துணிந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். டப்ளின் நகரிலோ, 1913-ல் சங்கத்தில் சேர்ந்த தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்த முதலாளிகளின் தலைவர் வில்லியம் மார்ட்டின் மர்பி. பசித்துத் தவித்த தொழிலாளரிலும் மர்பிகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பெயர் ஒருவனுக்குப் புண்ணியத்தைத் தந்துவிடாது. அவனவன் வாழ்க்கைதான் அதைத் தரும். ‘தவறக்கூடிய காரியம் தவறியே தீரும்’ என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் மர்பி விதியும், 1949-ல் அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய ஒரு மர்பியின் பெயரால் வழங்குவதே.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் கேலிக் மொழிக்குப் புத்துயிர் ஊட்டும் இயக்கம் எழுந்தது. சல்லிவன்களில் பெரும்பாலோர் மீண்டும் ஓ’சல்லிவன் ஆனார்கள். மர்பிகள் மட்டும் ஆங்கில எழுத்தில் ‘ஓ’வைத் திரும்பச் சேர்க்கவில்லை. கேலிக் மொழியில் எழுதும்போது மட்டுமே அது திரும்பி வருகிறது. இழந்த எழுத்தை விட்டுவிட்டு, எஞ்சிய பெயரையே தமதாக்கிக் கொண்டார்கள் போலும்.

பெயரைக் காத்த புத்தகம்

இன்று அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஒரு மர்பி தன் பாட்டனாரின் ஊரைத் தேடி வந்தால் எங்கே போவார்? அரசாங்கம் கத்தோலிக்கரின் பிறப்பைப் பதியத் தொடங்கியதே 1864-ல்தான். 1861 முதல் 1891 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குத் தாள்களை அரசாங்கமே அழித்துவிட்டது. அவற்றுக்கு முந்தியவற்றுள் பெரும்பகுதி, 1922 ஜூன் 30-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்து சாம்பலாயிற்று. பல நூற்றாண்டுக் காகிதங்கள் ஒரே நாளில் போயின.

எஞ்சி நின்றவை எவை தெரியுமா? கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகங்களும் திருமணப் புத்தகங்களும்! அவை அரசாங்கக் காப்பகத்தில் இல்லை. அந்தந்தப் பங்குக் கோவிலிலேயே இருந்தன. ஆகவே தீக்குத் தப்பின. வேதகலாபனைக் காலத்தில் புத்தகம் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தமையால், பல கிராமங்களில் அவை 1820-க்குப் பின்னரே தொடங்குகின்றன. அவசரமான கையெழுத்து, அரைகுறை லத்தீன், மங்கிய மை. இருந்தும் குழந்தையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தாய் தகப்பன், தேதி எல்லாம் அங்கே உண்டு. ஒரே பங்கில் பத்து ஜான் மர்பிகள் இருந்தாலும், தாயின் பெயரையும் ஞானப்பெற்றோரின் பெயரையும் கொண்டு இவர் இன்னார் என்று பிரித்தறியலாம். அந்நாட்டுத் தேசிய நூலகம் இப்புத்தகங்களைப் படமெடுத்து, 2015-ல் உலகோர் எல்லாரும் கட்டணமின்றிக் கணினியில் பார்க்கும்படி செய்துவிட்டது.

மன்னரின் பட்டயமும் அரசாங்கக் காப்பகமும் காக்காத ஏழைகளின் பெயரை, கிராமத்துப் பங்குக் குரு ஒருவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிவைத்த இரண்டு வரி காத்திருக்கிறது. அவர் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார். தம் கடமையைச் செய்தார், அவ்வளவுதான்.

நமது பங்கின் அலமாரியிலும் அத்தகைய புத்தகங்கள் இருக்கின்றன. வேறெந்தப் புத்தகத்திலும் இடம்பெறாத நம் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. செல்லும் கறையானும் அவற்றை அரிக்க விடாமல் காப்பதும், நம் பிள்ளைகளின் பெயர்களைப் பிழையின்றி எழுதிவைப்பதும் இந்த ஜூபிலி ஆண்டில் நாம் செய்யத்தக்க கைங்கரியம். கோபுரத்தைப் புதுப்பிப்பது போலவே இதுவும் பங்கின் பணிதான். நூறாண்டுக்குப் பின் எந்தத் தேசத்திலிருந்தோ ஒரு பேரன் வந்து தன் பெயரைத் தேடும்போது, “இதோ இருக்கிறது” என்று சொல்ல நம் கோவிலில் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா?