தூக்கத்தில் உடலை விட்டு வெளியே போக முடியுமா?

தூக்கத்தில் உடலை விட்டு வெளியேறி ஊர் சுற்றலாம் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘திரும்பி வர முடியாவிட்டால் மவுத்தா?’ என்று பயந்து கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு விஷயங்கள்.

காண்பது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே உணர்வது ‘லூசிட் ட்ரீம்’. இது நிரூபணமானது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய சோதனையில், தூங்கிக்கொண்டிருந்தவர் முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். கருவி அதைப் பதிவு செய்தது.

உடலுக்கு வெளியே மிதக்கும் உணர்வும் பொய்யல்ல. 2002இல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கம் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, மேலிருந்து தன்னையே பார்ப்பதாகச் சொன்னார். தெரிந்தது கால்களும் உடலின் கீழ்ப்பகுதியும் மட்டும்தான். (உண்மையிலேயே வெளியே போயிருந்தால் முகமும் தெரிந்திருக்குமே!)

‘ஆஸ்ட்ரல்’ பயணம் என்பதோ, பிரம்மஞான சபையினர் பரப்பிய சூட்சும உடல் என்ற விளக்கம். எந்தச் சோதனையும் அதை உறுதி செய்ததில்லை. தூக்கத்தில் உயிர்கள் கைப்பற்றப்படுவதை ஸூரத்துஸ் ஸுமரின் 42வது வசனம் அல்லாஹ்வின் செயலாகவே சொல்கிறது. மனிதனின் பயிற்சியாக அல்ல.

நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து இதைப் பழகுபவர்களுக்குத் தூக்கம் கெடும். சிலருக்கு விழித்த பிறகும் உடல் அசையாமல், யாரோ நெஞ்சில் அமுக்குவது போலிருக்கும். பேயல்ல, சில நிமிடங்களில் தானாக விலகிவிடும்.